பத்துப் பேர், ஒரு வாரம், டிஸ்னி வேர்ல்ட்: வில்லாவா, வீடா, மூன்று அறைகளா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. மட்டக்களப்பு கல்லடியிலிருந்து நீங்கள், கணவர், ஒன்பது வயதிலும் இரண்டு வயதிலும் பிள்ளைகள், மாமா, மாமி என்று ஆறு பேர். ரொறன்ரோவிலிருந்து உங்கள் அண்ணன், அண்ணி, பன்னிரண்டும் ஏழும் வயதான அவர்களின் பிள்ளைகள் என்று நாலு பேர். அடுத்த ஓகஸ்டில் புளோரிடாவின் ஒர்லாண்டோவில் ஒரு வாரம் சேர்ந்து இருக்கப் போகிறீர்கள், அதில் நாலு நாள் டிஸ்னி வேர்ல்ட். அண்ணன் பக்கத்து ஊரான கிஸிமியில் நீச்சல் குளத்தோடு ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறார், "இரவுக்கு 200 டொலர்தான்" என்கிறார். அண்ணிக்கு டிஸ்னிக்குள்ளேயே வில்லா எடுக்க விருப்பம். உங்களுக்கு ஹோட்டலில் மூன்று அறை போதாதா என்று யோசனை. எது லாபம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது: "மாமிக்கு முழங்கால் வருத்தம், அவ களைத்துப்போய் அறைக்குள்ளே தனிய இருந்துவிடக் கூடாது." உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். லாப நட்டக் கணக்கும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

நான் பாசிக்குடாவில் ஹோட்டல் முன்பதிவுப் பகுதியில் பல வருடம் வேலை செய்தவன். இப்போது மட்டக்களப்பில் இருந்துகொண்டு குடும்பங்களுக்கு வெளிநாட்டுப் பயண ஏற்பாடு செய்து கொடுக்கிறேன். எந்தக் குடும்பத்துக்கு எந்தத் தங்குமிடம் என்பது என் தொழில். விசா கிடைக்குமா என்பதும், மாமியின் முழங்கால் எவ்வளவு நடையைத் தாங்கும் என்பதும் என் தொழிலுக்கு வெளியே. முதலாவதைத் தூதரகம் தீர்மானிக்கும், இரண்டாவதை வைத்தியரிடம் கேளுங்கள். இரண்டுமே தங்குமிடத் தெரிவைப் பாதிக்கும் என்பதால் அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

விசா கைக்கு வரும்வரை, திருப்பித் தராத எந்தக் காசையும் கட்ட வேண்டாம். உங்கள் ஆறு பேருக்கும் தனித்தனி விண்ணப்பம், குழந்தைக்கும் சேர்த்து. இதை எழுதும்போது தலைக்கு 185 டொலர் கட்டணம், விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பாது. ஆறு பேருக்கு 1,110 டொலர். அண்ணன் குடும்பம் கனடியக் குடியுரிமை எடுத்திருந்தால் அவர்களுக்கு விசா தேவையில்லை. நிரந்தர வதிவிடம் மட்டும் என்றால், இலங்கைக் கடவுச்சீட்டில் அவர்களும் விசா எடுத்தாக வேண்டும். இதை அண்ணனிடம் இன்றைக்கே கேளுங்கள். அவர் அவசரப்பட்டு வீட்டுக்கு முழுக் காசும் கட்டி, பிறகு இங்கே இரண்டு பேருக்கு விசா இல்லை என்று வந்தால், அந்தப் பேச்சு ஒரு வாரத்தோடு முடியாது. அதுவரை ஏதாவது பிடித்து வைக்க வேண்டுமென்றால் டிஸ்னியிடம் நேரடியாக, அறை மட்டும் என்ற வகையில் பதிவு செய்து வைக்கலாம். அதற்கு ஒரு இரவுக் காசு முற்பணம். வருவதற்குச் சில நாள் முன்பு வரை ரத்துச் செய்தால் அது திரும்பி வரும். டிக்கெட்டும் சேர்த்த பொதியென்றால் ரத்து விதி இதைவிட இறுக்கம். எதுவானாலும் பணம் கட்டும் பக்கத்தில் உள்ள கடைசித் திகதியைப் பார்த்து நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி இடத்தைப் பற்றி. 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி திறந்த வோல்ட் டிஸ்னி வேர்ல்ட் ஒரு பூங்கா இல்லை. மேஜிக் கிங்டம், 1982இல் வந்த எப்கொட், 1989இல் திறந்து இன்று ஹொலிவுட் ஸ்டூடியோஸ் எனப்படும் பூங்கா, 1998இல் வந்த அனிமல் கிங்டம் என்று நாலு பூங்காக்கள், இரண்டு நீர்ப் பூங்காக்கள், இருபதுக்கு மேற்பட்ட ஹோட்டல்கள், இவை எல்லாம் ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர் நிலத்தில் தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்குப் பெரும்பாலும் வாகனத்தில்தான் போக வேண்டும். அண்ணன் பார்த்த வீடு போன்றவை இந்த நிலத்துக்கு வெளியே கிஸிமி, டேவன்போர்ட், சாம்பியன்ஸ்கேட் பக்கம் இருக்கும். தூரம் என்று பார்த்தால் பெரிதில்லை, மட்டக்களப்பு நகரத்திலிருந்து ஏறாவூருக்கோ செங்கலடிக்கோ போகிற அளவுதான். "காரில் இருபது நிமிடம்" என்று விளம்பரத்தில் போடுவதும் பொய்யில்லை. ஆனால் அந்த இருபது நிமிடம் வீட்டு வாசலிலிருந்து தரிப்பிட வாசல் வரைக்கும் மட்டும்.

மேஜிக் கிங்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து காரில் வருகிறவர் பூங்கா வாசலில் நிறுத்த முடியாது. ஏரிக்கு இந்தப் பக்கமுள்ள பெரிய தரிப்பிடத்தில் நிறுத்தி, அங்கிருந்து மொனோரெயிலோ படகோ பிடித்து ஏரியைத் தாண்ட வேண்டும். சிறு பிள்ளைத் தள்ளுவண்டியை மடித்து, விரித்து, பத்துப் பேரையும் எண்ணி ஏற்றி இறக்கும்போது, வீட்டுக் கதவிலிருந்து பூங்கா வாசலுக்கு ஒரு மணித்தியாலம் என்று வையுங்கள். தரிப்பிடத்துக்கு நாளுக்கு 30 டொலருக்குக் குறையாத கட்டணமும் உண்டு. டிஸ்னி ஹோட்டல்களிலும் வில்லாக்களிலும் தங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. அவர்களின் பஸ் ஏரியைச் சுற்றி நேரே மேஜிக் கிங்டம் வாசலருகே இறக்கிவிடும்.

காலையில் இது பெரிய விஷயமாகத் தெரியாது. எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும். விஷயம் மத்தியானம் ஒரு மணிக்குத்தான் தொடங்கும். ஓகஸ்ட் ஒர்லாண்டோவில் பகல் வெப்பம் 33 பாகை அளவில், ஈரப்பதன் நம்முடைய ஊரைப் போலவே. பின்னேரங்களில் இடியோடு மழை அநேகமாக நாளாந்தம் வரும். மின்னல் வந்தால் வெளியிலுள்ள விளையாட்டுகளை நிறுத்துவார்கள், நீச்சல் குளங்களையும் மூடுவார்கள். இரண்டு வயதுப் பிள்ளையும் மாமியும் அந்த நேரம் கட்டிலில் இருக்க வேண்டும், மாலை ஐந்து மணிக்குத் திரும்ப வந்து இரவு வாணவேடிக்கை பார்க்க வேண்டும். உள்ளே தங்கியிருந்தால் யாராவது ஒருவர் மாமியையும் பிள்ளையையும் பஸ்ஸில் கூட்டிப் போய்விட்டு வரலாம், மற்றவர்கள் நின்று விளையாடலாம். வெளி வீடென்றால், ஒரு கார் போனதும் மற்றவர்கள் எப்படித் திரும்புவது என்ற பேச்சு வரும். அதனால் எல்லோரும் இருந்துவிடுவார்கள், மாமி நிழலில் ஒரு வாங்கில் நாலு மணித்தியாலம் இருப்பா. அடுத்த நாள் "நான் வரல்ல, நீங்கள் போய்ட்டு வாங்க" என்பா. நீங்கள் பயப்படுவது இப்படித்தான் நடக்கும். ஆகவே தங்குமிடத்தைப் பார்க்கும்போது கட்டிலுக்கும் பூங்கா வாசலுக்கும் இடையே மத்தியானத்தில் எவ்வளவு நேரம் என்பதை முதலில் பாருங்கள். குசினி, நீச்சல் குளம், விலை எல்லாம் அதற்குப் பிறகு.

மூன்று அறை என்ற உங்கள் யோசனைக்கு நீண்ட பதில் தேவையில்லை. டிஸ்னியின் மலிவு வகை ஹோட்டல்களில் சாதாரண அறைக்கு நாலு பேர்தான். அறைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும் என்பது வேண்டுகோள்தான், உறுதி இல்லை. பத்துப் பேர் ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடிக்க ஒரு இடம் இருக்காது. சேர்ந்திருக்கத்தானே இவ்வளவு தூரம் போகிறீர்கள், அதனால் இதை விட்டுவிடுங்கள். ஆறு பேருக்கான குடும்ப அறைத்தொகுதிகள் ஆர்ட் ஒஃப் அனிமேஷன் என்ற டிஸ்னி ஹோட்டலில் இருக்கின்றன. இரண்டு குளியலறை, சின்னதாக ஒரு குசினி மூலை. உங்கள் ஆறு பேர் மட்டும் போவதானால் அதை நல்ல தெரிவு என்பேன்.

டிஸ்னிக்குள் இருக்கும் வில்லா என்றால் பலர் தனித் தனி வீடு என்று நினைக்கிறார்கள். பெரும்பாலானவை அப்படி இல்லை. மாடிக் கட்டடத்தில் உள்ள குடியிருப்புத்தான், நாலு அளவில் வரும். ஸ்டூடியோ என்பது ஒரே அறை, ஒரு மூலையில் மைக்ரோவேவ், சின்ன பிரிஜ், தொட்டி. ஒரு படுக்கையறை வில்லாவில்தான் முழுக் குசினியும், உடுப்புத் தோய்க்கும், காய வைக்கும் இயந்திரங்களும் வரும். அதற்கு மேல் இரண்டு படுக்கையறை, பிறகு மூன்று படுக்கையறைப் பெரிய வில்லா. பன்னிரண்டு பேர் தங்கலாம் என்பதால் பெரிய வில்லாவில்தான் அண்ணியின் கண் போயிருக்கும். அதை மறந்துவிடச் சொல்லுங்கள். இரவுக்கு 2,000 டொலரைச் சாதாரணமாகத் தாண்டும், எண்ணிக்கையிலும் மிகக் குறைவு.

ஆள் எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த, தொட்டிலில் படுக்கும் பிள்ளையை டிஸ்னி அறைக் கணக்கில் சேர்ப்பதில்லை, பூங்காவுக்கும் அதற்கு டிக்கெட் இல்லை. உங்கள் சின்னவருக்குப் போய்ச் சேரும் நாளில் மூன்று வயது ஆகியிருக்காது என்றால் நீங்கள் கணக்கில் ஒன்பது பேர். அனிமல் கிங்டம் பக்கமுள்ள கிடானி வில்லேஜில் இரண்டு படுக்கையறை வில்லாவுக்கு ஒன்பது பேர் வரை அனுமதி, மூன்று குளியலறை. காகிதத்தில் அச்சொட்டாகப் பொருந்துகிறது. ஆனால் ஒன்பது பேர் தங்க அனுமதி என்பது வேறு, ஒன்பது பேர் நிம்மதியாக நித்திரை கொள்வது வேறு. அந்த ஒன்பதில் ஒரு பங்கு வரவேற்பறையில் விரிக்கும் சோஃபாக் கட்டிலில். இரவு ஒன்பது மணிக்கு அதை விரித்துவிட்டால் வரவேற்பறை முடிந்தது. பெரியவர்கள் இருந்து கதைக்க இடமில்லை.

இதில் நேர வித்தியாசம் வேறு இருக்கிறது. ஓகஸ்டில் ஒர்லாண்டோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்காவுக்கு இரவுப் பயணம், பிறகு டோகா, டுபாய் என்று ஏதோ ஒரு வழியில் நீண்ட விமானப் பயணம். முதல் இரண்டு மூன்று இரவுகளுக்கு உங்கள் பிள்ளைகள் அதிகாலை மூன்று மணிக்கு எழும்பி நிற்பார்கள். அண்ணன் பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசமே இல்லை, ரொறன்ரோவும் ஒர்லாண்டோவும் ஒரே நேரம். ஒரே மண்டபத்தில் நாலு பிள்ளைகளையும் படுக்க வைத்தால் இரண்டு பேர் மற்ற இரண்டு பேரையும் எழுப்புவார்கள், ஏழு மணிக்கு எல்லோரும் அழுத முகத்தோடு பஸ்ஸுக்கு நிற்பார்கள். இடையில் மூடக்கூடிய கதவுகள் எத்தனை என்று எண்ணச் சொல்வது இதற்காகத்தான். படுக்கைகளின் எண்ணிக்கையை எல்லா விளம்பரமும் சொல்லும். கதவுகளை வரைபடத்தைப் பார்த்து நீங்கள்தான் எண்ண வேண்டும்.

மாமிக்காகப் பார்க்க வேண்டியவை இன்னும் சில. 1991இல் திறந்த ஓல்ட் கீ வெஸ்ட் இன்றுள்ள டிஸ்னி வில்லாக்களில் முதலாவது. இடம் தாராளம், விலையும் மற்றவற்றைவிடக் குறைவாக வருவதுண்டு. ஆனால் அங்கே பெரும்பாலான கட்டடங்களுக்கு லிஃப்ட் இல்லை. இரண்டாம் மாடி கிடைத்தால் மாமிக்கு ஒவ்வொரு முறையும் படி. பே லேக் டவர் என்ற வில்லாக் கட்டடம் மேஜிக் கிங்டத்துக்கு நடந்தே போகும் தூரம், விலையும் அதற்கேற்றது. ரிவியேரா என்ற இன்னொரு வில்லா இடத்திலிருந்து கம்பிவடத்தில் ஓடும் ஸ்கைலைனர் எப்கொட்டுக்கும் ஹொலிவுட் ஸ்டூடியோஸுக்கும் போகும், ஆனால் மின்னல் நேரம் அதை நிறுத்துவார்கள். கிடானியில் பஸ் மட்டும்தான். நடைபாதைகளும் மிக நீளம், கடைசி வில்லா கிடைத்தால் லிஃப்டிலிருந்து மாமிக்கு அதுவே ஒரு பயணம். பதியும்போதே முன்மண்டபத்துக்கு அருகில் வேண்டும் என்று காரணத்தோடு எழுதிக் கேளுங்கள். இருந்தாலும் நான் கிடானியின் பக்கம் சாய்வதற்குக் காரணம் இருக்கிறது. புல்வெளி தெரியும் வில்லா எடுத்தால் பல்கனிக்குக் கீழே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேயும். ஒரு நாள் மாமி பூங்காவுக்கு வரவில்லை என்றாலும் அவ அறைக்குள் அடைபட்டுக் கிடக்க மாட்டா. தேத்தண்ணிக் கோப்பையோடு கதிரையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க அவவுக்கென்று ஒன்று இருக்கும்.

எந்த வில்லாவானாலும் குளியலறைப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். பாசிக்குடாவில் நான் அடிக்கடி கண்டது இதுதான்: கடல் பார்த்த பெரிய கட்டில் அறையை அம்மம்மாவுக்கென்று பாசத்தோடு ஒதுக்குவார்கள், அந்த அறையின் குளியலறை வாசலில் ஒரு சாண் உயரத்துக்குப் படி இருக்கும். அவ இரவில் எழும்பி அந்தப் படியில் நின்று, சுவரைப் பிடிக்க இடம் தேடுவா. அமெரிக்காவில் படிக்குப் பதிலாகக் குளியல் தொட்டி. அதன் விளிம்பைக் காலைத் தூக்கித்தான் தாண்ட வேண்டும், முழங்கால் வருத்தக்காரருக்கு அது படியைவிட மோசம். நடந்து உள்ளே போகக்கூடிய ஷவர் எந்த அறையில் இருக்கிறது என்று பாருங்கள், அந்த அறை சிறியதானாலும் மாமா மாமிக்கு அதுதான். கைப்பிடியும் இருக்கையும் உள்ள குளியலறை வேண்டுமென்றால் அதற்கான வில்லாக்கள் தனியாக இருக்கின்றன, முன்கூட்டியே கேட்க வேண்டும்.

விலைக்கு ஒரு வழி உண்டு, ஆபத்தோடு. டிஸ்னி வில்லாக்களில் பெரும்பாலானவை உறுப்பினர் முறையில் விற்கப்பட்டவை. ஒவ்வொரு உறுப்பினருக்கும் வருடத்துக்கு இத்தனை புள்ளிகள். பாவிக்காத உறுப்பினர் அந்தப் புள்ளிகளில் உங்கள் பெயருக்கு வில்லா பதிந்து தருவார், நீங்கள் அவருக்குக் காசு கொடுப்பீர்கள். டிஸ்னியின் நேரடி விலையைவிட இது பெரும்பாலும் நன்றாகக் குறையும். உறுப்பினர் தன் சொந்த இடத்தில் 11 மாதம் முன்னும், மற்ற இடங்களில் 7 மாதம் முன்னும் பதியலாம் என்பதால் நல்லவை சீக்கிரம் போய்விடும். இதில் ரத்துச் செய்தால் காசு பொதுவாகத் திரும்பாது, திகதி மாற்றுவதும் கஷ்டம். ஒப்பந்தம் உங்களுக்கும் அந்த உறுப்பினருக்கும் இடையில் என்பதால் தகராறு வந்தால் டிஸ்னி தலையிடாது. இப்படி எடுக்கும்போது நாளாந்தத் துப்புரவும் கிடையாது. விசா வந்த பிறகு, எழுத்து ஒப்பந்தத்தோடு, இடையில் நின்று பொறுப்பேற்கும் நிறுவனம் ஒன்றின் ஊடாக என்றால் சரி. முகப்புத்தகத்தில் கண்ட ஆளுக்குக் காசு அனுப்ப வேண்டாம்.

அண்ணனின் வீட்டுக்கு வருவோம், அவரை நான் குறை சொல்லவில்லை. பத்துப் பேர் ஒரே கூரைக்குக் கீழ், ஆளுக்கொரு அறை, சொந்தக் குளம் என்பதற்கு ஈடில்லை. ஆனால் 200 டொலர் என்பது கடைசி விலை இல்லை. உதாரணத்துக்குக் கணக்குப் பாருங்கள். ஏழு இரவுக்கு 1,400. துப்புரவுக் கட்டணம் 220 என்று வைத்தால் 1,620. கிஸிமி இருக்கும் ஒசியோலா மாவட்டத்தில் விற்பனை வரியும் சுற்றுலா வரியும் சேர்ந்து 13.5 வீதம், அது 219. பதிவுத் தளத்தின் சேவைக் கட்டணம் 180 என்று வைத்தால் மொத்தம் 2,019 டொலர், இரவுக்கு 288. அதற்கு மேல் நாலு நாள் தரிப்பிடக் காசு. ஏழு பேர் வானில் பத்துப் பேர் ஏற முடியாது, ஆகவே இரண்டு வாகனம். ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்குப் புளோரிடாச் சட்டப்படி பிள்ளை ஆசனம் கட்டாயம். டிசம்பரில் போனால் குளத்து நீரைச் சூடாக்கத் தனிக் காசு வாங்குவார்கள், ஓகஸ்டில் அது தேவையில்லை. இவ்வளவும் கூட்டினாலும் டிஸ்னி வில்லாவைவிட மலிவாகவே வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அண்ணன் நினைக்கிற அளவுக்கு மலிவு இல்லை.

வீடு எடுப்பதென்றால் உரிமையாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை இருக்கின்றன. வாடகை விடும் வீட்டுக்குப் புளோரிடாவில் மாநில அனுமதி எண் இருக்க வேண்டும், அதைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் விட்டுவிடுங்கள். இந்த வீடுகளில் பல இரண்டு மாடி, கீழே ஒரு படுக்கையறைதான் இருக்கும். அதற்கு ஒட்டிய குளியலறை உண்டா, அதில் தொட்டியா ஷவரா என்று கேளுங்கள். குளத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அந்த வீடுகளின் வரவேற்பறைக் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் குளம். இரண்டு வயதுப் பிள்ளை அதிகாலை மூன்று மணிக்கு எழும்பும் வீட்டில் இது விளையாட்டில்லை. 2000ஆம் ஆண்டின் புளோரிடாச் சட்டம் புதிதாகக் கட்டும் வீட்டுக் குளங்களுக்கு வேலி, மூடி, கதவு அலாரம் போன்ற பாதுகாப்புகளில் ஒன்றாவது வேண்டும் என்கிறது. அலாரம் மட்டும் என்றால் பல விருந்தினர் அதைத் தொல்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். குளத்தைச் சுற்றிக் கழற்றிப் பூட்டும் வேலி இருக்கிறதா என்று கேட்டு, அதன் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். வேலி இல்லை என்றால் அந்த வீடு உங்களுக்கு வேண்டாம், எவ்வளவு மலிவானாலும். வீட்டுக்குப் பின்னால் குளமோ ஏரியோ இருந்தால் கரைக்குப் பிள்ளைகளை விட வேண்டாம். வாவிக் கரையில் வளர்ந்த நமக்கு முதலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. புளோரிடாவில் எந்த நன்னீர்த் தேக்கத்திலும் அது இருக்கக்கூடும்.

இவ்வளவையும் வைத்து என் தீர்மானம் இது. நாலு நாள் டிஸ்னி என்பது உறுதியாக இருந்து, காசும் இடம் கொடுத்தால், உள்ளே தங்குங்கள்: கிடானியில் இரண்டு படுக்கையறை வில்லா ஒன்று, அதே கட்டடத்தில் ஸ்டூடியோ ஒன்று. இரண்டு படுக்கையறை வில்லாக்களில் ஒரு வகை, ஒரு படுக்கையறை வில்லாவும் ஸ்டூடியோவும் உட்கதவால் இணைந்தது. அதைக் கேளுங்கள். அந்த ஸ்டூடியோப் பக்கம் மாமா மாமிக்கு. அவர்களுக்கென்று தனி வாசலும் குளியலறையும் இருக்கும், காலை ஐந்து மணிக்கு யாரையும் எழுப்பாமல் சுடுதண்ணி வைக்கவும் இடம் இருக்கும். பெரிய அறை அண்ணன் அண்ணிக்கு, வரவேற்பறை அவர்களின் பிள்ளைகளுக்கு. நீங்கள், கணவர், சின்னவர் தனியாக எடுத்த மற்ற ஸ்டூடியோவில். ஒன்பது வயதுக்காரர் முதல் இரண்டு மூன்று இரவு மாமியோடு படுக்கட்டும், நித்திரை நேரம் சரிவந்ததும் மச்சான்மாரோடு சேரட்டும். பகல் முழுவதும் எல்லோரும் அந்தப் பெரிய வில்லாவில் கூடலாம், இரவில் கதவுகளை மூடலாம்.

பூங்கா இரண்டு நாள்தான், மிச்சமெல்லாம் அண்ணன் தங்கச்சி பிள்ளைகள் சேர்ந்து இருக்கத்தான் என்று திட்டம் மாறினால் என் பதிலும் மாறும்: வேலியுள்ள குளம், கீழ்மாடி அறை, இரண்டு கார், அண்ணனின் வீடு. 2025 மேயில் திறந்த யுனிவர்சல் நிறுவனத்தின் எபிக் யுனிவர்ஸ் பூங்காவைப் பார்க்க வேண்டும் என்று பன்னிரண்டு வயதுக்காரர் பிடிவாதம் பிடித்தாலும் காரும் வீடும் வசதி, அது டிஸ்னி நிலத்துக்கு வெளியே, வேறு பக்கம். பாதி வாரம் உள்ளே, பாதி வாரம் வெளியே என்று சிலர் பிரிப்பார்கள். பத்துப் பேரின் பெட்டிகளோடு ஒரு முழு நாள் போய்விடும், அதை நான் சொல்ல மாட்டேன். வில்லாக்களில் மாலை நாலு மணிக்குத்தான் உள்ளே போகலாம், காலை பதினொரு மணிக்கு வெளியேற வேண்டும். இடையில் மாமி எங்கே இருப்பா?

திகதியில் கொஞ்சம் இளக்கம் இருந்தால் ஓகஸ்ட் நடுப்பகுதிக்குப் பிறகு போங்கள். புளோரிடாப் பள்ளிகள் ஓகஸ்ட் 10 அளவில் தொடங்குவதால் அதன்பின் கூட்டமும் விலையும் இறங்கும். ரொறன்ரோவில் செப்டெம்பர் வரை விடுமுறை என்பதால் அண்ணனுக்கும் பொருந்தும். புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. மட்டக்களப்பில் அடித்த 1978 சூறாவளியை மாமா கண்டிருப்பார், அதனால் பயணக் காப்புறுதி எடுக்கச் சொன்னால் அவர் முதலில் சம்மதிப்பார்.

போய்ச் சேர்ந்ததும் விமான நிலையத்திலும் கடைகளிலும் "இலவச டிக்கெட், காலை உணவோடு ஒரு சிறு கூட்டம்" என்று அழைப்பார்கள். உறுப்பினர் வில்லா விற்கும் கூட்டம் அது. சொன்ன நேரத்தில் முடியாது, மறுப்பதும் லேசில்லை. விடுமுறையில் அரை நாளை அதற்குக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, குசினிச் சாமான் கொண்டு போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. உங்கள் ரைஸ் குக்கரும் கிரைண்டரும் அங்கே வேலை செய்யாது. அங்கே ஒரு சிறிய ரைஸ் குக்கர் வாங்குவது சுகம், அண்ணன் திரும்பும்போது ரொறன்ரோவுக்குக் கொண்டு போகலாம், அங்கும் அதே மின்சாரம். வில்லா அடுப்புகள் பெரும்பாலும் தட்டையான கண்ணாடி மேல் மின்னடுப்பு. வட்ட அடித் தாச்சி அதில் நிற்காது, மண்சட்டி வைக்கவே கூடாது. அடுப்புக்கு மேலுள்ள விசிறி பல இடங்களில் புகையை வெளியே தள்ளாமல் வடிகட்டித் திரும்ப அறைக்குள்ளேயே விடும். செத்தல் மிளகாய் போட்டுத் தாளித்தால் புகை அலாரம் அடிக்கும், ஆகவே பால்க்கறி, சொதி, பருப்பு, முட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசியும் பச்சைக் கறிவேப்பிலையும் இறைச்சி வகைகளும் கொண்டு போக வேண்டாம், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். வறுத்த மிளகாய்த்தூள் கொண்டு போகலாம். மாமாவுக்குக் கருவாடு வேண்டுமென்றால் அதையும் கொண்டு போகலாம், ஆனால் எந்த உணவானாலும் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். அப்புறம், கழிவறைகளில் தண்ணீர்க் கைக்குழாய் இருக்காது. பெட்டியில் இரண்டு பிளாஸ்டிக் கோப்பை வையுங்கள், மாமிக்கு அது இல்லாமல் சரிவராது.